பிஸ்பியில் முதலில் சுரங்கம், பிறகு ஊர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்குச் சுமார் 11 மைல் வடக்கே, மியூல் மலைகளின் இடுக்கில் இருக்கும் பிஸ்பி ஒரு காலத்தில் செம்புக்குப் பெயர் பெற்ற ஊர்; இன்று ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சிறிய நகரம். அங்கே போகிறவர்களில் பலர் கடைவீதியில் நடந்து, ஓவியக் கூடங்களைப் பார்த்து, காப்பி குடித்து, நேரம் மீதமிருந்தால் மட்டும், காப்பர் குயின் என்றும் சுருக்கமாகக் குயின் என்றும் அழைக்கப்படும் பழைய செம்புச் சுரங்கத்துக்குள் போகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த மதிப்புரையில் நான் வற்புறுத்த விரும்புவது. சுரங்கத்துக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால், ஊரில் பார்க்கும் ஒவ்வொரு படிக்கட்டும் கட்டடமும் எதற்காக அங்கே இருக்கின்றன என்பது விளங்கும். போகாமல் ஊரைச் சுற்றினால் அழகான மலையூர் ஒன்றைப் பார்த்த நிறைவு மட்டுமே மிஞ்சும்.

டூசான் நகரத்திலிருந்து பிஸ்பிக்குத் தொண்ணூறு மைலுக்குச் சற்று மேல். பெரிய நெடுஞ்சாலையில் கிழக்கே பென்சன் வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பும் 80ஆம் எண் சாலையைப் பிடித்தால், டூம்ஸ்டோன் ஊரைக் கடந்து, புதர்க்காடும் வெட்டவெளியுமாக நீளும் பாலைநிலத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும். உச்சியில் 1958இல் திறக்கப்பட்ட மியூல் கணவாய்ச் சுரங்கச் சாலை இருக்கிறது. கால் மைல் நீளமுள்ள அதைக் கடந்து வெளியே வந்ததும், பள்ளத்தாக்கின் இரண்டு சரிவுகளிலும் அடுக்கடுக்காக வீடுகள் தெரிகின்றன. ஊர் 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் டூசானும் பீனிக்ஸும் வெந்துகொண்டிருக்கும் கோடையிலும் இங்கே ஓரளவு தாங்கக்கூடிய வெயில்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடியோடு மழை கொட்டும் வழக்கமுண்டு என்பதால், அந்த மாதங்களில் போகிறவர்கள் வெளியே நடக்க வேண்டியதைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சுரங்கத்துக்குள் நுழையும் முன் அதன் கதையைச் சுருக்கமாகவேனும் தெரிந்து வைத்திருந்தால் பயன் இரட்டிப்பாகும். 1877இல் அபாச்சி பழங்குடியினரைத் தேடி இந்த மலைக்குள் வந்த இராணுவப் பிரிவினர், தண்ணீர் தேடிய இடத்தில் தாதுவின் அடையாளங்களைக் கண்டார்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த ஜாக் டன் என்ற உளவர், தமக்காகத் தாது தேடி உரிமை பதிவு செய்ய ஜார்ஜ் வாரன் என்பவருக்குச் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். வாரன் ஏராளமான உரிமைகளைத் தம் பெயரிலும் தமக்கு வேண்டியவர்கள் பெயரிலும் பதிவு செய்துகொண்டார். ஆனால் குதிரையோடு ஓடி வெல்வதாகப் பந்தயம் கட்டிக் காப்பர் குயின் சுரங்கத்தில் தமக்கிருந்த பங்கை அவர் இழந்தார் என்று ஊர் வரலாறு சொல்கிறது. பின்னாளில் பெரும் செல்வம் தந்த அந்தப் பங்கைத் தொலைத்த மனிதர் வறுமையில் இறந்தார். அரிசோனாவின் அரசு முத்திரையில் பிக்காசும் மண்வெட்டியுமாக நிற்கும் சுரங்கத் தொழிலாளியின் உருவம் அவருடைய புகைப்படத்தைப் பார்த்து வரையப்பட்டது.

1880இல் ஊர் உருவானபோது, சுரங்கத்துக்கு முதலீடு செய்தவர்களில் ஒருவரான நீதிபதி டிவிட் பிஸ்பியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. தொடக்க காலத்தில் காப்பர் குயினில் வெட்டிய தாதுவில் 23 விழுக்காடு செம்பு இருந்தது. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் லாவெண்டர் குழியின் விளிம்பில் நிற்கும்போது இது தேவைப்படும். 1881இல் ஜேம்ஸ் டக்ளஸ் என்ற வல்லுநரின் ஆலோசனைப்படி நியூயார்க்கின் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம் அடுத்திருந்த நிலத்தை வாங்கியது. காப்பர் குயின் தரப்பும் ஃபெல்ப்ஸ் டாட்ஜும் ஒரே தாதுப்படிவத்தில் வந்து முட்டிக்கொண்டதால், வழக்காடுவதற்குப் பதிலாக 1885இல் இணைந்தன. அதிலிருந்து 1975இல் கடைசிச் சுரங்கம் மூடப்படும் வரை தொண்ணூறு ஆண்டுகள் இந்த ஊரின் நிலம், வேலை, மருத்துவமனை, கடை, செய்தித்தாள் எல்லாவற்றிலும் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனத்தின் கை இருந்தது. இந்த மலைகளிலிருந்து எடுக்கப்பட்ட செம்பு ஏறத்தாழ 800 கோடி பவுண்டு. தங்கம் 28 இலட்சம் அவுன்சுக்கு மேல். அவற்றோடு வெள்ளி, ஈயம், துத்தநாகம், மாங்கனீசும் கிடைத்தன.

சுரங்கம் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு போன நிலையில், நகர மேயராக இருந்த சக் ஈட்ஸ், பழைய குயின் சுரங்கத்தைப் பார்வையாளர்களுக்குத் திறக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். உள்ளே இடிந்து குவிந்திருந்த கல்லையும் மண்ணையும் அள்ளி, மரமுட்டுகளை மாற்றிப் பாதையைச் சீர் செய்ததில் ஊர்த் தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. 1976 பிப்ரவரி 1ஆம் தேதி சுற்றுலா தொடங்கியது. முதல் பல ஆண்டுகளுக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்கள் அதே சுரங்கங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். காலம் கடந்துவிட்டதால் அவர்கள் குறைந்து வருகிறார்கள். நான் போனபோது அழைத்துச் சென்றவர் சுரங்கத் தொழிலாளியின் மகன். மனப்பாடம் செய்த உரையாக இல்லாமல், வீட்டில் கேட்டு வளர்ந்ததைச் சொல்லும் நிதானத்தோடு அவர் பேசினார். இந்தச் சுற்றுலாவின் முதல் சிறப்பு அதுதான் என்பேன்.

சீட்டு வாங்கியதும் தலைக்கவசமும் மேலங்கியும், இடுப்பில் கட்டிக்கொள்ளும் மின்கலத்தோடு இணைந்த விளக்கும் தருகிறார்கள். பிறகு சிறிய தொடர்வண்டியில் ஏற்றுகிறார்கள். அதில் நாற்காலிகள் கிடையாது. நீளவாக்கில் போட்ட ஒற்றைப் பலகையின் மேல், குதிரையில் அமர்வதுபோல் இருபுறமும் கால் போட்டு, ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். தொழிலாளர்கள் வேலைக்குப் போன விதமே அப்படித்தான். வண்டி மலைக்குள் நேராக 1,500 அடி தூரம் போகிறது. வாயிலைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே குளிர் முகத்தில் அடிக்கிறது. ஆண்டு முழுவதும் உள்ளே 47 டிகிரி பாரன்ஹீட், அதாவது 8 டிகிரி செல்சியஸ் மட்டுமே. வெளியே பாலைவன வெயில் என்று மெல்லிய சட்டையோடு வந்தவர்கள் நடுங்கியதைப் பார்த்தேன். கொடுக்கும் மேலங்கி குளிருக்குப் போதாது. கம்பளிச் சட்டை ஒன்றைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

பாதையின் நடுவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, மரப்படிகளில் ஏறித் தாது வெட்டிய பெரிய குடைவு ஒன்றைப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். ஏற முடியாதவர்கள் கீழேயே காத்திருக்கலாம். மேலே நின்று விளக்கைச் சுவரில் திருப்பினால், செம்புத்தாது காற்றும் நீரும் பட்டு நிறம் மாறிப் பச்சையாகவும் நீலமாகவும் கோடு கோடாக ஓடுவது தெரிகிறது. கனிமப் பொருட்காட்சிகளில் பிஸ்பியின் பச்சை நிற மாலகைட்டுக்கும் நீல நிற அசுரைட்டுக்கும் இன்றும் தனி மதிப்புண்டு. இங்குள்ள தாது சுண்ணாம்புக்கல்லை அரித்து அதன் இடத்தைப் பிடித்த தாது. ஒரே நேர்கோட்டில் செல்லும் படலமாக இல்லாமல் பெரியதும் சிறியதுமான பைகளாக ஆங்காங்கே கிடந்தது. அதனால்தான் சுரங்கம் ஒழுங்கான அறைகளாக இல்லாமல், தாது போன வழியெல்லாம் வளைந்து வளைந்து போகிறது. தாதுவை எடுத்த வெற்றிடம் இடிந்து விழாமலிருக்கப் பெரிய மரக்கட்டைகளைச் சதுரச் சட்டங்களாகக் கோத்து அடுக்கியிருக்கிறார்கள். கூரைப் பாறை அழுத்தும்போது மரம் முதலில் முனகும், அந்த ஓசையே தொழிலாளிக்கு எச்சரிக்கை என்று வழிகாட்டி சொன்னார்.

சுற்றுலாவின் மையப் பகுதி துளையிடுதலையும் வெடிவைப்பையும் விளக்கும் இடம். தொடக்க காலத்தில் ஒருவர் உளியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சம்மட்டியால் அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் உளியைச் சிறிது திருப்பித் திருப்பித் துளை போட்டார்கள். இருட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், உளி பிடித்தவருடைய கை சம்மட்டிக்காரரின் குறியை முழுதாக நம்பியிருந்தது. பிறகு காற்றழுத்தத்தில் இயங்கும் துளைக்கருவி வந்தது. வேலை பல மடங்கு வேகமானது. ஆனால் உலர்ந்த துளையிலிருந்து பறந்த கல்தூசு நுரையீரலில் படிந்து ஆட்களைக் கொன்றது. விதவையாக்கி என்ற பெயரே அந்தக் கருவிக்கு வழங்கியது. துளைக்குள் தண்ணீர் பாய்ச்சித் தூசை அடக்கும் கருவிகள் அதற்குப் பின்னர் வந்தவை. பழையதும் புதியதும் அடுத்தடுத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. இரண்டையும் தூக்கிப் பார்க்க முடியாது என்றாலும், அருகில் நின்றாலே எடை புரிகிறது.

பாறை முகப்பில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் வெடிமருந்தைத் திணித்து, திரிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டி வைப்பார்கள். நடுவிலுள்ள துளைகள் முதலில் வெடித்து ஒரு குழிவை உண்டாக்கும். அந்தக் குழிவை நோக்கிச் சுற்றியுள்ள பாறை அடுத்தடுத்து உடைந்து விழும். கடைசியாக அடிவரிசை வெடித்து, விழுந்த கல்லை எல்லாம் தூக்கி உதறிவிடும். அள்ளுபவருக்கு அது பெரிய உதவி. திரியைப் பற்றவைத்துவிட்டுப் பாதுகாப்பான தூரத்தில் நின்று வெடிகளை எண்ண வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால், வெடிக்காத மருந்து ஒன்று பாறையில் இருக்கிறது என்று பொருள்; அடுத்த முறை வேலைக்கு வருகிறவருக்கு அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. இதைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் சற்றே தாழ்ந்தது. எங்கள் குழுவில் யாரும் அந்த நேரத்தில் படம் எடுக்கவில்லை.

தாது வண்டிகளை இழுத்த கோவேறு கழுதைகளைப் பற்றிக் குழந்தைகள் மிகுந்த ஆவலோடு கேட்டார்கள். ஒரு கழுதைக்கு நான்கு வண்டி என்பது வழக்கமாம். வண்டிகளைக் கோக்கும் கொக்கியின் ஓசையை அவை எண்ணிக்கொண்டிருக்கும். ஐந்தாவது ஓசை கேட்டால் ஓர் அடிகூட நகராது என்று சுரங்கத்தில் சொல்லப்படும் கதையை வழிகாட்டி சொன்னார். ஆண்டுக்கணக்கில் இருட்டில் வாழ்ந்த விலங்குகளை வெளியே கொண்டுவரும்போது கண்ணைக் கட்டி, வெளிச்சத்துக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவார்களாம். தண்டவாளத்தில் ஓட்டுவதற்கென்று அமைத்த மேஸ்திரியின் மிதிவண்டியும், தண்டவாளத்திலேயே நகர்த்திச் செல்லும் இருவர் அமரும் கழிப்பறை வண்டியும் அங்கே இருக்கின்றன. மனிதர்கள் ஒரு நாளின் பெரும்பகுதியை இந்தக் குளிரில் எப்படிக் கழித்தார்கள் என்பதை நீண்ட விளக்கத்தைவிட அந்தக் கழிப்பறை வண்டி எனக்குத் தெளிவாகச் சொன்னது.

சுற்றுலா ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீள்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அனுமதிப்பதில்லை. அடைபட்ட இடங்களில் மூச்சுத் திணறுவதாக உணர்கிறவர்கள் யோசித்துத்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குப் படியைவிட அந்தப் பலகையில் கால் போட்டு ஏறி இறங்குவதே கடினமாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. பதிவு செய்யாமல் அவ்வளவு தூரம் காரோட்டிப் போவது சரியல்ல. வழிகாட்டியின் ஆங்கிலம் தென்மேற்கின் இழுவையோடு வேகமாக வருகிறது. நம்மூரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அவருக்கு அருகில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், கேட்டதை உடனுக்குடன் தமிழில் சொல்ல முடியும்.

சுரங்கத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே பிஸ்பி சுரங்க வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1897இல் நிறுவனத்தின் தலைமை அலுவலகமாகக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம் அது. இப்போது ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க தேசிய அருங்காட்சியக அமைப்போடு இணைந்த நிறுவனம். சுரங்கம் பார்த்த அன்றே இதற்கும் போக வேண்டும். கீழே வேலையைப் பார்த்தவருக்கு, அந்த வேலையைப் பற்றி மேலே நடந்த போராட்டத்தின் கதை இங்கேதான் கிடைக்கிறது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. செம்பின் விலை ஏறியது. ஜூன் 26ஆம் தேதி உலகத் தொழிலாளர் சங்கத்தினர் முன்வைத்த கோரிக்கைகளை நிறுவனங்கள் மறுத்ததும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் படித்தபோது ஒவ்வொரு வரியும் சற்று முன் பார்த்த குடைவுக்குள் என்னைத் திரும்ப இழுத்துப் போயிற்று. துளைக்கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்கள் வேண்டும்; ஆட்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெடி வைக்கக்கூடாது; செம்பு விலையைப் பொறுத்து ஏறி இறங்கும் கூலிக்குப் பதில் நிலையான நாட்கூலி வேண்டும்; சங்கத்தில் சேர்ந்தவரைப் பாகுபடுத்தக்கூடாது. கருவியின் எடையையும் வெடித் திரிகளின் கணக்கையும் பார்த்திராத ஒருவருக்கு இவை பழைய தொழிற்சங்கச் சொற்களாக மட்டுமே தோன்றக்கூடும். பார்த்துவிட்டு வந்தவருக்கு இவை உயிரோடு வீடு திரும்புவதற்கான கோரிக்கைகள்.

ஜூலை 12ஆம் தேதி விடியற்காலையில், மாவட்டக் காவல் தலைவர் ஹாரி வீலர் தலைமையில், கையில் வெள்ளைப் பட்டை கட்டிய ஏறத்தாழ 2,000 ஆயுதமேந்திய ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து வேலைநிறுத்தக்காரர்களையும் அவர்களுக்கு ஆதரவானவர்கள் என்று கருதப்பட்டவர்களையும் பிடித்தார்கள். பிடிபட்டவர்களை அஞ்சல் நிலையத்துக்கு முன்னால் திரட்டி, அங்கிருந்து வாரன் பகுதியிலிருந்த பேஸ்பால் மைதானம் வரை நடக்க வைத்தார்கள். வேலைக்குத் திரும்புகிறேன் என்றவர்களை விட்டுவிட்டு, மறுத்த ஏறத்தாழ 1,200 பேரைக் கால்நடை ஏற்றும் 23 சரக்குப் பெட்டிகளில் அடைத்தார்கள். சாணம் மண்டிய பெட்டிகளில், ஜூலை வெயிலில், உணவின்றியும் போதிய தண்ணீரின்றியும் 16 மணி நேரம் பயணம் செய்த அவர்கள், 200 மைல் தொலைவில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். திரும்பி வந்தால் உயிர் போகும் என்ற மிரட்டலும் சேர்ந்தே வந்தது. செய்தி வெளியே போகாமலிருக்கத் தந்தியும் தொலைபேசியும் நிறுத்தப்பட்டன. குடியரசுத் தலைவர் வில்சன் அமைத்த குழு இது முற்றிலும் சட்டவிரோதம் என்று அறிக்கை கொடுத்தது. மத்திய அரசுக்கு இதில் வழக்குத் தொடுக்க அதிகாரமில்லை என்று 1920இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அருங்காட்சியகத்தில் இது ஒரு மூலையில் ஒதுக்கப்படாமல், படங்களோடு விரிவாகவே சொல்லப்பட்டிருப்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பிடித்தவர்களும் பிடிபட்டவர்களும் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்த ஊர் இது. அவர்களுடைய வாரிசுகள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் மெக்சிகோக்காரர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும் கணிசமானவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மெக்சிகோக்காரர்களுக்கு நிலத்தடியில் நல்ல கூலி வேலை மறுக்கப்பட்டது. சீனர்களோ ஊரில் இரவு தங்கவே விடப்படவில்லை. நாடு விட்டு நாடு வந்து வேலை பார்க்கும் நம்மவர்கள் இந்தப் பகுதியைக் கடந்து போகாமல் நின்று படிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். மேல்தளத்தில் கனிமங்களைப் பற்றியும் செம்பின் பயனைப் பற்றியும் உள்ள கண்காட்சி பிள்ளைகளுக்கு ஏற்றது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது லாவெண்டர் குழி. 80ஆம் எண் சாலையின் ஓரத்திலேயே வேலியிட்ட பார்வை மேடை இருக்கிறது, கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்த ஹாரிசன் லாவெண்டரின் பெயர் சூட்டப்பட்ட இந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தில் 1950 முதல் 1974 வரை வேலை நடந்தது. சுமார் 300 ஏக்கர் பரப்பும் 900 அடி ஆழமும் கொண்ட பள்ளம். சிவப்பும் பழுப்பும் வெளிறிய ஊதாவுமாகப் படிப்படியாக இறங்குகிறது. இங்கே எடுத்த தாதுவில் செம்பு 0.7 விழுக்காடு மட்டுமே. முன்பு சொன்ன 23 விழுக்காட்டோடு இதை ஒப்பிட்டால், தாதுப் பையைத் தேடிப் போய் உளியால் வெட்டிய காலம் முடிந்து, மலையையே வெட்டி அள்ளிப் பொடியாக்கிச் செம்பைப் பிரிக்க வேண்டிய காலம் ஏன் வந்தது என்பது புரியும். அந்த அளவில் செம்பு எடுக்க வேண்டுமானால் பெரிய இயந்திரங்கள் வேண்டும். ஆட்கள் அவ்வளவாக வேண்டாம்.

அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் வீடுகளும் தெருக்களும் இருந்தன. லோவெல் என்ற பகுதியின் பெரும்பாகத்தைக் குழி விழுங்கிவிட்டது. எஞ்சியது ஈரி வீதி என்ற ஒரே தெரு. தன்னார்வலர்கள் அந்தத் தெருவின் பழைய கடைப் பலகைகளைப் புதுப்பித்து, 1950களின் கார்களையும் பேருந்தையும் ஓரங்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க வருகிறவர்களே மிகுதி. எனக்கு அந்தத் தெருவின் சிறப்பு கார்களில் இல்லை. ஒரு கோடியில் நின்று பார்த்தால் வீதி நேராகப் போய்க் குழியின் பக்கம் முடிந்துவிடுகிறது, மறுபக்கத்தில் ஊர் இல்லை என்பதில்தான். காலைச் சிற்றுண்டிக்கு நல்ல கடை இந்த வீதியில் உண்டு. பகல் ஏறினால் வரிசை நீளும்.

இவ்வளவுக்கும் பிறகு பழைய பிஸ்பியின் தெருக்களில் நடப்பது தனி மகிழ்ச்சி. 1908 அக்டோபரில் பெரும் தீ முதன்மை வீதியின் பெரும்பகுதியை அழித்தது. இன்று பார்க்கும் செங்கல் கட்டடங்களில் பல அதற்குப் பின் எழுந்தவை. சமதரை என்பதே இல்லாத ஊரில் தொழிலாளர்கள் கிடைத்த சரிவில் எல்லாம் வீடு கட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழி பெரும்பாலும் படிக்கட்டுதான். 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வேலையில்லாதவர்களுக்காக அரசு நடத்திய திட்டத்தில் அவை காங்கிரீட்டில் கட்டப்பட்டன. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறும் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அந்த வார இறுதியில் தங்குமிடம் கிடைப்பது அரிது. சரிவுகளில் வீட்டுக்கு வீடு கடிதம் கொண்டுபோக முடியாததால் மக்கள் அஞ்சல் நிலையத்துக்கே வந்து பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதே கட்டடத்தின் மேல்தளங்களில் 1882இல் தொடங்கிய காப்பர் குயின் நூலகம் நடக்கிறது. அரிசோனாவில் இடைவிடாமல் இயங்கிவரும் நூலகங்களில் மிகப் பழையது. வழிப்போக்கர்களையும் தயக்கமின்றி உட்கார வைக்கும் இடம். சந்து போல ஒடுங்கிய ப்ரூவரி கல்ச் என்ற தெருவில் ஒரு காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மதுக்கடைகள் இருந்தன என்பார்கள்; இப்போது ஒரு சிலவே.

1902இல் திறந்த காப்பர் குயின் ஓட்டலின் முன்கூடத்தை உள்ளே போய்ப் பார்க்கலாம். அங்கே தங்காமல் சரிவிலிருந்த வேறொரு விடுதியில் அறை எடுத்தேன். சாலையிலிருந்து அறைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட படிகள் என்பதைப் பதிவின்போது அவர்கள் சொல்லவில்லை, பெட்டியைத் தூக்க ஆளும் இல்லை. பழைய பிஸ்பியில் அறை எடுக்கிறவர்கள் படிக்கட்டு எத்தனை, காரை எங்கே நிறுத்துவது என்ற இரண்டையும் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். பேய்க்கதை சொல்லி இரவில் அழைத்துப் போகும் சுற்றுகள் ஊரில் நிறைய விளம்பரம் செய்யப்படுகின்றன. உண்மையாகவே இவ்வளவு நடந்திருக்கும் ஊரில் அவற்றுக்கு நேரம் செலவிட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குவதற்கு உரிய பொருள் பிஸ்பி நீலம் என்று அழைக்கப்படும் டர்குவாய்ஸ் கல். செம்பு எடுக்கும்போது துணையாகக் கிடைத்தது. ஆழ்ந்த நீலத்தில் சாக்லேட் நிறக் கோடுகள் ஓடும். குழி மூடப்பட்ட பிறகு புதிய கல் வரத்து மிகக் குறைவு என்பதால் விலை அதிகம், போலிகளும் உண்டு. எங்கிருந்து வந்த கல் என்பதை எழுத்தில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். சைவ உணவுக்காரர்களுக்குக் கவலையில்லை: சுரங்கம் மூடியபின் விலை சரிந்த வீடுகளை வாங்கிக் குடியேறிய ஓவியர்களும் மற்றவர்களும் தங்கள் உணவு வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள், ஆகவே சிறிய ஊருக்கு வியப்பளிக்கும் அளவில் காய்கறி உணவு கிடைக்கிறது. இரவில் உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடுகின்றன. வார நாட்களில் சில திறப்பதே இல்லை.

அருகிலுள்ள டூம்ஸ்டோனையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் உண்டு. அங்கே துப்பாக்கிச் சண்டையை நடித்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நல்ல பொழுதுபோக்கு. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பிஸ்பிக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே மிஞ்சும், வெட்டுப்படுவது அருங்காட்சியகமாகத்தான் இருக்கும். பாதி நாள் மட்டும் கையில் இருப்பவர்கள் சுரங்கம், அருங்காட்சியகம், லாவெண்டர் குழி என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டு கடைவீதியை விட்டுவிடலாம். முழு நாள் இருப்பவர்கள் மாலையில் வாரன் பகுதிக்கும் போய்வாருங்கள். வேலைநிறுத்தக்காரர்களை நடத்திச் சென்ற, 1909இல் அமைத்த அந்தப் பேஸ்பால் மைதானம் இன்றும் இருக்கிறது, இன்றும் அங்கே ஆட்டம் நடக்கிறது.

திரும்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டூம்ஸ்டோனுக்கு வடக்கே எல்லைக் காவல் படையினரின் சோதனைச் சாவடியில் வடக்கு நோக்கிப் போகும் வண்டிகளை நிறுத்திக் குடியுரிமையைப் பற்றிக் கேட்பார்கள். எல்லையைத் தாண்டாமலே இந்தக் கேள்வி வரும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பணி விசாவிலோ சுற்றுலா விசாவிலோ இருப்பவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் கடவுச்சீட்டையும் விசா ஆவணங்களையும் அறையில் விட்டுவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.